கார் எப்போது சூடாகிறது?

மலேசியாவில், தாப்பாவிலோ பீடோரிலோ ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து "காடி சூடாகுது", அதாவது கார் சூடாகிறது என்று சொன்னால் போதும், பக்கத்து மேசையிலிருந்து மருந்து வந்துவிடும். "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடு." "ரேடியேட்டர் அடைச்சிருக்கும், மாத்திடு." "வாட்டர் பம்ப் போயிருக்கும்." "பச்சைத் தண்ணியே போதும், கூலண்ட் எல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு." சொல்கிறவர்கள் எல்லாரும் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கார் அப்படிச் சரியாகியிருக்கும். ஆனால் காய்ச்சல் என்று வந்தவரிடம் எப்போது வருகிறது, எத்தனை நாளாக என்று எதுவும் கேட்காமல் மாத்திரையை நீட்டுவது போன்ற வைத்தியம் அது.

எங்கள் வீட்டில் 1996-ல் வாங்கிய புரோட்டோன் வீரா கார் ஒன்று இருக்கிறது. அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிய காலத்தில் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. அது சூடாக ஆரம்பித்தபோது மேலே சொன்ன மருந்து எல்லாவற்றையும் வரிசையாகக் கொடுத்துப் பார்த்தோம். ரேடியேட்டர் புதிது, பம்ப் புதிது, தெர்மோஸ்டாட் குப்பையில். சூடு மட்டும் போகவில்லை. கடைசியில், தோட்டத்துப் பட்டறையில் லோரிகளோடும் டிராக்டர்களோடும் வாழ்க்கையைக் கழித்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வந்தார். போனட்டைத் திறப்பதற்கு முன்னாலேயே ஒரு கேள்வி கேட்டார்: "எப்ப தம்பி சூடாகுது?"

அதுவரை எந்தப் பட்டறையிலும் அதைக் கேட்கவில்லை. நாங்களும் யோசித்ததில்லை. அந்தக் கேள்விக்கு ஏன் அவ்வளவு பலம் என்று தெரிய, எஞ்சின் எப்படித் தன் சூட்டை ஆற்றிக்கொள்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். டீ ஆற்றத் தெரிந்தவர்களுக்கு அதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

## டீ ஆற்றுகிற வேலைதான்

சூடான டீயை மூடி வைத்தால் அரை மணி நேரம் கழித்தும் சூடு தாங்கும். அதையே இரண்டு குவளைகளில் கை உயரத்துக்கு இழுத்து நாலு முறை ஆற்றினால் உடனே குடிக்கலாம். டீ அதேதான். மெல்லிய இழையாக நீளும்போது அதன் மேல் காற்றுப் படுகிற பரப்பு பெரிதாகிறது, சூடு காற்றோடு போய்விடுகிறது.

எஞ்சினுக்குள் பெட்ரோல் எரியும்போது வாயுவின் வெப்பம் ஒரு கணம் 2,000 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அதைச் சுற்றியிருக்கும் அலுமினியமோ 660 டிகிரியில் உருகிவிடும் உலோகம். எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் எஞ்சினின் உழைப்பாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகைக்குழாய் வழியாக வெளியேறும். மிச்சம் இருப்பது எஞ்சினின் உலோகத்திலேயே தங்குகிறது. அதை ஒவ்வொரு நிமிடமும் வெளியே கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் தண்ணீர்.

எஞ்சின் உலோகத்துக்குள் தண்ணீர் ஓட வழிகள் இருக்கின்றன. வாட்டர் பம்ப் என்பது அந்தத் தண்ணீரைச் சுற்ற வைக்கும் சிறு விசிறி; எஞ்சின் ஓடும்போது ஒரு பெல்ட் அதைச் சுழற்றும். சூட்டை வாங்கிக்கொண்ட தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வரும். காரின் முன்பக்கம் நிற்கும் அந்தச் சட்டம்தான் டீ ஆற்றுகிற இடம்: மெல்லிய குழாய்கள், குழாய்களுக்கு இடையே தாள் மாதிரி மெல்லிய உலோகத் தகடுகள், அவற்றுக்கு நடுவே காற்று. ஆறிய தண்ணீர் கீழ் ஹோஸ் வழியாக எஞ்சினுக்குத் திரும்பும். கார் ஓடினால் எதிர்க்காற்று தானாக வரும். கார் நின்றால் காற்றும் நின்றுவிடும். அப்போது ரேடியேட்டரை ஒட்டியிருக்கும் ஃபேன் காற்றை இழுக்கும்.

ஆக, தண்ணீர் சுற்ற வேண்டும், காற்றுப் பட வேண்டும், தண்ணீர் குறையாமலும் கொதிக்காமலும் இருக்க வேண்டும். கார் சூடாகிறது என்றால் இவற்றில் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது. எது என்று கண்டுபிடிப்பதற்கு முன்னால், எல்லாரும் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கும் இரண்டு சின்னச் சாமான்களைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

## கழற்றி எறியப்படும் தெர்மோஸ்டாட்

தெர்மோஸ்டாட் என்பது எஞ்சினுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இருக்கும் ஒரு தானியங்கிக் கதவு. அதன் வயிற்றில் ஒருவகை மெழுகு இருக்கிறது. தண்ணீர் சூடாகும்போது மெழுகு உருகி விரிந்து கதவைத் தள்ளித் திறக்கும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கதவு மூடியிருக்கும். தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறும். வேண்டிய சூடு வந்ததும் கதவு திறந்து ரேடியேட்டருக்கு வழி விடும்.

எஞ்சின் குளிர்ச்சியாக இருந்தால் நல்லதுதானே என்று பலரும் நினைக்கிறார்கள். எஞ்சினுக்குக் குளிர்ச்சியும் கெடுதல். சூடேறாத எஞ்சினில் எண்ணெய் சரியாக இளகாது, உள்ளே படியும் ஈரம் ஆவியாகிப் போகாது, தேய்மானம் கூடும். இஞ்செக்‌ஷன் எஞ்சின் என்றால், இன்னும் சூடேறவில்லை என்று எண்ணி அதன் கணினி பெட்ரோலை அதிகமாக ஊற்றும்.

இன்னொன்றும் இருக்கிறது. சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் இரண்டு வழிகளைக் கவனிக்கிறது. ரேடியேட்டர் பக்கம் திறக்கும்போதே, எஞ்சினுக்குள் திரும்பும் குறுக்கு வழியை அது மூடிவிடும். கழற்றி எறிந்தால் அந்தக் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் சூட்டோடு சூடாகச் சுற்றிக்கொண்டிருக்கும். குளிர்விக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும்.

கதவு சிக்கி மூடியபடியே நின்றுவிட்டால் கார் சூடாகும், அது உண்மை. ஆனால் சந்தேகம் இருந்தால் சோதித்துப் பார்ப்பது எளிது. நான் எங்கள் அடுப்பில் செய்து பார்த்திருக்கிறேன். பழைய பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மோஸ்டாட்டை ஒரு நூலில் கட்டி, அடியில் படாமல் தொங்கவிட்டு, பக்கத்தில் ஒரு வெப்பமானியை வைத்தேன். தெர்மோஸ்டாட்டின் விளிம்பில் 82 என்றோ 88 என்றோ ஒரு எண் பொறித்திருக்கும். கதவு திறக்க ஆரம்பிக்க வேண்டிய சூடு அது. என்னுடையதில் 82. தண்ணீரில் சின்னக் குமிழிகள் எழும்ப ஆரம்பித்த நேரத்தில் நடுவில் இருந்த பித்தளைத் தட்டு அசைந்தது, மெதுவாக ஒரு மயிரிழை இடைவெளி தெரிந்தது, கொதி வருவதற்குள் முழுதாகத் திறந்துவிட்டது. அடுப்பை அணைத்ததும் அப்படியே மூடிக்கொண்டது. நல்ல சாமான். அதற்கு முன் நாங்கள் குப்பையில் போட்டதும் நல்லதாகத்தான் இருந்திருக்கும்.

## மூடி என்று நினைக்கிறோம், அது குக்கர் வெயிட்

ரேடியேட்டர் மூடியை வெறும் மூடியாகப் பார்க்கிறோம். அதை பிரஷர் குக்கரின் வெயிட் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிக்கும் சூடும் கூடும். குக்கரில் பருப்பு சீக்கிரம் வேகுவதே அதனால்தான். நம் கார்களின் மூடிகள் பலவற்றின் மேல் 0.9 என்று எழுதியிருக்கும். எத்தனை பார் அழுத்தம் வரை அது தாங்கிப் பிடிக்கும் என்பதற்கான எண். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 100 டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 119 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும்.

மூடியின் ரப்பர் காய்ந்து வெடித்தால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் முன்கூட்டியே கொதிக்கும். கொதித்த இடத்தில் ஆவி இருக்கும், தண்ணீர் இருக்காது. ஆவியால் உலோகத்தின் சூட்டை அப்படி வாங்கிக்கொள்ள முடியாது. பெருகிய தண்ணீர் ரிசர்வ் டேங்குக்கு, அதாவது பக்கத்தில் இருக்கும் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவுக்குத் தள்ளப்படும். எஞ்சின் ஆறும்போது அந்தத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சுவதும் மூடியின் வேலைதான். அதற்கு மூடியின் அடியில் இன்னொரு குட்டி வால்வு இருக்கிறது. காலையில் பார்க்கும்போது டப்பா நிரம்பியிருந்து ரேடியேட்டர் குறைந்திருந்தாலோ, மேல் ஹோஸ் சப்பையாக ஒட்டிக்கிடந்தாலோ, முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள். எல்லாச் சாமான்களிலும் விலை குறைந்தது அதுதான். பழைய காரை வாங்கியதும் நான் முதலில் மாற்றச் சொல்வது மூடியைத்தான். மூடியில் எழுதியிருக்கும் அதே எண்ணில் வாங்க வேண்டும். 'பெரிய எண் போட்டால் நல்லது' என்று 1.3 வாங்கி மாட்டினால் பழைய ஹோஸ் எங்காவது பிளந்துகொள்ளும்.

சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் இருந்தும் அழுத்தத்தால் மட்டும் கொதிக்காமல் அடங்கியிருக்கிறது. மூடி திருகிய கணத்தில் அழுத்தம் போய்விடும், தண்ணீர் ஒரே நேரத்தில் கொதித்து மேலே பீறிடும். என் மாமாவின் வலது முழங்கைக்குக் கீழே தோல் இன்றைக்கும் வேறு நிறத்தில் இருக்கிறது. கையில் துணி சுற்றிக்கொண்டுதான் திறந்தார். ஈரத்துணி அவரைக் காப்பாற்றவில்லை.

## பச்சைத் தண்ணீரும் கூலண்டும்

கூலண்ட் என்பது தண்ணீரோடு கலக்கும் ஒரு திரவம்; பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், அதோடு துருப் பிடிக்காமல் தடுக்கும் மருந்துகள். உறைபனி நம் ஊரில் இல்லை, அதனால் கூலண்ட் வேண்டாம் என்பார்கள். சூட்டை வாங்குவதில் வெறும் தண்ணீர் கூலண்டைவிடக் கெட்டி என்பதும் உண்மைதான். ஆனால் நமக்கு அதில் வேண்டியது துருத் தடுப்பு. வீரா மாதிரிப் பழைய கார்களில் எஞ்சினின் கீழ்ப்பகுதி வார்ப்பிரும்பு, மேல்பகுதி அலுமினியம். வருடக்கணக்கில் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் இரும்பு துருப்பிடிக்கும், அந்தத் துரு போய் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உட்காரும், பம்பின் இறக்கைகளையும் அரிக்கும். எங்கள் வீராவிலிருந்து முதலில் இறக்கிய தண்ணீர் மழைக்காலத்து ஆற்றுத் தண்ணீர் நிறத்தில் இருந்தது.

கூலண்ட் விஷம். இனிப்பாக இருக்கும் என்பதால் நாயும் பூனையும் நக்கிவிடும். இறக்கிய தண்ணீரைத் தரையில் விடாதீர்கள், மூடிய டப்பாவில் எடுத்து வையுங்கள்.

## இப்போது அந்தக் கேள்வி

தண்ணீர், காற்று, அழுத்தம், மூன்றும் தெரிந்துவிட்டது. இனி "எப்ப சூடாகுது?" என்ற கேள்விக்குள் போகலாம். நோய் எங்கே இருக்கிறது என்று காரே நேரத்தை வைத்துச் சொல்லும்.

நெரிசலில் சூடாகி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால்: கார் வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே போதுமாக இருக்கிறது, அதாவது பம்ப் சுற்றுகிறது, ரேடியேட்டர் வேலை செய்கிறது. நின்றவுடன் இல்லாமல் போவது காற்று ஒன்றுதான். ஆக, ஃபேன் பக்கம் போக வேண்டும். எங்கள் வீராவின் கதை இதுதான். பீடோரிலிருந்து ஈப்போ வரை நெடுஞ்சாலையில் டேஷ்போர்டின் வெப்ப முள் அசையாமல் நடுவில் நிற்கும். தைப்பூசத்தன்று கல்லுமலைக் கோயில் பக்கம் நெரிசலில் ஊர்ந்தபோது, பால்குடம் எடுத்தவர்கள் எங்களைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார்கள், எங்கள் முள் சிவப்பைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"ஃபேன் ஓடுதே அண்ணே" என்று மூன்று பட்டறைகளிலும் சொன்னார்கள். ஓடத்தான் செய்தது. பெரியவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஏர்கண்டிஷனையும் போடச் சொன்னார். சட்டைப் பையிலிருந்து ஒரு சாப்பாட்டுக் கடை ரசீதை எடுத்து, காரின் முன்பக்கக் கிரில் மேல் வைத்துக் கையை எடுத்தார். ரசீது ஒரு நொடி ஒட்டிக்கொண்டிருந்து, நழுவி, தரையில் விழுந்தது. "பார்த்தியா. சுத்துது, இழுக்கல." நல்ல ஃபேன் என்றால் தாள் ஒட்டியே நிற்க வேண்டும். மோட்டாருக்குள் இருக்கும் கரித்துண்டுகள் தேய்ந்து, ஃபேன் பாதி வேகத்தில்தான் சுழன்றுகொண்டிருந்தது. கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, தாளுக்குத் தெரிந்தது.

தாள் வெளிப்பக்கம் தள்ளப்பட்டால் இன்னொரு கதை: யாரோ மோட்டாரை மாற்றும்போது வயரை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், ஃபேன் தலைகீழாகச் சுழன்று எதிர்க்காற்றோடு மல்லுக்கு நிற்கிறது. ஃபேன் சுழலவே இல்லை என்றால் பியூஸ், அதற்கப்புறம் ரிலே, அப்புறம் சூட்டைப் பார்த்து ஃபேனை முடுக்கும் சுவிட்ச். ரிலே என்பது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்துவிடும் கறுப்புப் பெட்டி. அதே எண் போட்ட வேறு ரிலேயை அதே பெட்டியிலிருந்து மாற்றி வைத்தே சோதிக்கலாம். ஏர்கண்டிஷன் போட்டால் ஃபேன் ஓடுகிறது, போடாதபோது எவ்வளவு சூடானாலும் ஓடவில்லை என்றால் அந்த சுவிட்சைப் பாருங்கள். இதையெல்லாம் செய்யும்போது விரலை ஃபேன் பக்கம் கொண்டுபோகாதீர்கள். எஞ்சின் நின்ற பிறகும் மின்விசிறி தானாகச் சுழல ஆரம்பிக்கும் கார்கள் உண்டு.

நெடுஞ்சாலையில் சூடாகி, ஊருக்குள் சரியாக இருந்தால்: காற்று நிறைய இருந்தும் போதவில்லை என்று அர்த்தம். வேகத்தில் எஞ்சின் உண்டாக்கும் சூடு பல மடங்கு. அதைக் கொண்டுபோகத் தண்ணீர் ஓட்டமோ ரேடியேட்டரோ பற்றவில்லை. உள்ளே துரு அடைத்திருக்கலாம், பம்பின் இறக்கைகள் அரித்துப் போயிருக்கலாம். கீழ் ஹோஸையும் மறக்காதீர்கள். பம்ப் அந்தப் பக்கமிருந்துதான் உறிஞ்சுகிறது. ரப்பர் வயதாகி இளகினால் அதிக வேகத்தில் ஹோஸ் உறிஞ்சுகுழல் மாதிரி சப்பிப் போகும்; நிறுத்திப் பார்த்தால் பழைய வடிவத்தில் ஒன்றும் தெரியாதது போல இருக்கும். பக்கத்து வீட்டு அக்காவின் காஞ்சில் காருக்கு அப்படித்தான். போனட்டைத் திறந்து, ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மெதுவாகக் கூட்ட, இன்னொருவர் கீழ் ஹோஸைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

நம் ஊர்ப்பக்கம் இன்னொரு காரணமும் அடிக்கடி இருக்கிறது. யாரும் பார்க்காத இடம் அது. ரேடியேட்டருக்கு முன்னால் ஏர்கண்டிஷனின் கண்டென்சர் என்று அதே மாதிரி இன்னொரு சட்டம் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் ஓரிரு விரல் இடைவெளி. தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் போய்வரும் காரில் அந்த இடைவெளியில் தூசி, லாலாங் புல்லின் பஞ்சு, பூச்சிகள் எல்லாம் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்துவிடும். முன்பக்கமிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். எங்கள் ரேடியேட்டரை இறக்கியபோது அந்தக் கம்பளியை நான் நகத்தால் கிள்ளிப் பாய் மாதிரி உரித்தெடுத்தேன். செம்மண் வாசனை அப்படியே வந்தது. சாதாரண ரப்பர் குழாயில், எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டும். கார் கழுவும் கடையின் அழுத்தக் குழாயைக் கிட்டே கொண்டுபோனால் மெல்லிய தகடுகள் மடிந்து, காற்று போகும் வழியே அடைந்துவிடும்.

மலையில் மட்டும் சூடானால்: தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகக் கேமரன் மலையின் தானா ராத்தா போகும் பழைய சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர், ஏறிப்போகும் உயரம் 1,400 மீட்டர் அளவில். சின்ன கியரில் எஞ்சின் முழுப் பலத்தோடு உழைக்கிறது, காரோ வளைவுக்கு வளைவு மெதுவாகப் போகிறது. சூடு நிறைய, காற்று குறைவு. கீழே சமவெளியில் தெரியாத சின்னக் குறைகள் எல்லாம் அங்கே வெளியே வரும்: பாதி அடைத்த ரேடியேட்டர், பலவீனமான ஃபேன், பழைய மூடி. மலையில் மட்டும் சூடாகும் கார் ஏற்கெனவே எல்லையில்தான் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மற்றவற்றைச் சோதியுங்கள்.

காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறினால்: அவ்வளவு சீக்கிரம் முழு எஞ்சினும் சூடாகாது. தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கியிருக்கலாம், தண்ணீரே குறைந்திருக்கலாம், ரேடியேட்டருக்குள் காற்று அடைத்திருக்கலாம். இவை எதுவும் இல்லை என்றால் கேஸ்கெட்; அது என்ன என்று கீழே சொல்கிறேன்.

இதுவரை வந்ததைச் சுருக்கமாகச் சொன்னால்: நிற்கும்போது சூடென்றால் காற்று, ஓடும்போது சூடென்றால் தண்ணீர் ஓட்டமும் ரேடியேட்டரும், மலையென்றால் பொதுவான பலவீனம், ஆரம்பத்திலேயே என்றால் அடைப்பு, தண்ணீர்க் குறைவு அல்லது கேஸ்கெட். நேரம் எதிலும் அடங்காமல், இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது என்றால் முதலில் ஒழுகலைத் தேடுங்கள். இரவில் காருக்கு அடியில் ஒரு அட்டைப் பெட்டியை விரித்து வையுங்கள். காலையில் ஈரம் எங்கே என்று அட்டை காட்டும். பழைய ஒழுகல்கள் ஹோஸ் இணைப்பில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பொருக்குக் கட்டியிருக்கும்.

## கேஸ்கெட்டைப் பற்றி

எஞ்சினின் கீழ்ப்பகுதிக்கும் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய தகடுதான் ஹெட் கேஸ்கெட். எரியும் வாயு, தண்ணீர், எண்ணெய் மூன்றும் ஒன்றோடு ஒன்று சேராமல் அது பிரித்து வைக்கிறது. கார் பலமுறை சூடானால் அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரிவதால் ஹெட் வளைந்து, கேஸ்கெட் அந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும். அப்புறம் எரியும் வாயுவே தண்ணீருக்குள் புகுந்து, தண்ணீரை வெளியே தள்ளும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆரம்பத்தில் ஓரிரு குமிழிகள் வருவது சகஜம். விடாமல், சீராகக் குமிழிகள் வந்துகொண்டே இருந்தால் சந்தேகப்படலாம். எண்ணெய் மூடியின் அடியில் பால் கலந்த காப்பி மாதிரி இருப்பதும், எஞ்சின் சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வருவதும் மற்ற அறிகுறிகள். உறுதி செய்ய, பட்டறைகளில் ஒரு நீல நிறத் திரவத்தை வைத்துச் சோதிப்பார்கள். ரேடியேட்டர் வாயிலிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுத்தால், எஞ்சின் வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாகும். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் வீராவில் முதல் நோய் ஃபேன். அதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் சூட்டோடு ஓட்டியதில் கேஸ்கெட்டும் போனது. ஹெட்டைக் கழற்றி, நேரான இரும்புச் சட்டத்தை மேலே வைத்து, இடைவெளியில் மெல்லிய தகட்டை நுழைத்துப் பார்த்தார்கள். 0.05 மில்லிமீட்டர் தகடு தாராளமாகப் போனது. தலைமுடி அளவு வளைவு அது. சீவி எடுத்து மட்டமாக்கித்தான் திரும்பப் போட்டார்கள்.

## முள் பொய் சொல்லும் நேரம்

இதைப் படிக்கும் எல்லாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இது. டேஷ்போர்டில் இருக்கும் வெப்ப முள், எஞ்சினில் ஒரு இடத்தில் குத்தியிருக்கும் சென்சரைப் பார்த்துச் சொல்கிறது. அந்த சென்சர் தண்ணீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகச் சொல்லும். தண்ணீர் முழுக்கப் போய்விட்டால் சென்சர் வெறும் காற்றில் தொங்கும். எஞ்சின் எரிந்துகொண்டிருக்க, முள் இறங்கிவிடும்.

என் தம்பிக்கு அப்படித்தான் ஆனது. சிவப்புக்குப் போன முள் திடீரென்று பாதிக்கு இறங்கியது. "ஆறிடுச்சு" என்று நினைத்து வீடு வரை மூன்று கிலோமீட்டர் ஓட்டி வந்தான். ஹோஸ் பிளந்து ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சிவப்புக்குப் போன முள் காரணமில்லாமல் இறங்கினால், அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.

## வழியில் சூடானால்

ஏர்கண்டிஷனை அணைத்து, பத்திரமான இடம் பார்த்து ஓரமாக நிறுத்தி, எஞ்சினை நிறுத்துங்கள். போனட்டைத் தூக்கி வைத்து, குறைந்தது அரை மணி நேரமாவது விடுங்கள். ஒரு மணி நேரம் இன்னும் நல்லது. மேல் ஹோஸ் கையால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கும் வரை மூடியைத் தொடாதீர்கள். சூடான எஞ்சினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டினால் உலோகம் விரிசல் விடலாம். ஹீட்டரைப் போட்டால் சூடு இறங்கும் என்று காணொளிகளில் சொல்கிறார்கள். அது சரிதான், ஆனால் நம் நாட்டுப் பழைய கார்கள் பலவற்றில் ஹீட்டரே இல்லை.

பட்டறைக்குப் போனதும் "காடி சூடாகுது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "நெரிசல்ல பத்து நிமிஷம் நின்னா ஏறுது, ஓடுனா இறங்குது, தண்ணி வாரத்துக்கு அரை லிட்டர் குறையுது" என்று சொல்லுங்கள். நல்ல மெக்கானிக்குக்குப் பாதி வேலை முடிந்துவிடும். முதலில் என்ன மாற்றலாம் என்று ஆரம்பிப்பவரிடம், எதைச் சோதித்துப் பார்த்தீர்கள் அண்ணே என்று மரியாதையாகக் கேட்கலாம்.

எங்கள் வீராவுக்கு, பழைய கார்களின் பாகங்களை விற்கும் ஹாஃப் கட் கடையிலிருந்து நல்ல ஃபேன் மோட்டார் ஒன்றை எடுத்துப் போட்டோம். புது மூடி, புது தெர்மோஸ்டாட், கூலண்ட். அப்பா ரிசர்வ் டேங்கில் ஒரு மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலையில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, பல் விளக்கிக்கொண்டே போய்ப் பார்ப்பார். தண்ணீர் இன்னும் அந்தக் கோட்டிலேயே நிற்கிறது.